நாற்பது பக்க நோட்டு

இலக்கியம் பேசும் இடத்தில் பழைய காருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எஞ்சினைப் பற்றிப் பேச எங்களுக்குத் தனித்தகுதி எதுவும் கிடையாது. ஆனால் எழுதி வைக்கப்படாதவை எப்படி மறைந்துபோகின்றன என்பது, பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய கதையை ஓரளவு அறிந்த எவருக்கும் தெரியும். அந்தத் தெரிதலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு காரைப் பற்றிப் பேச முயல்கிறோம்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்துக்கு 2024-ஆம் ஆண்டு கோடையில் ஒரு பழைய கார் வந்து சேர்ந்தது. 2012-இல் பதிவான சான்ட்ரோ. அம்பத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் டி.என். 13 வரிசை எண். நாங்கள் மூன்றாவது உரிமையாளர். மீட்டர் 48,000 கி.மீ. காட்டியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோயிலுக்கும் வங்கிக்கும் மட்டுமே எடுத்துப்போன வண்டி என்று தரகர் சொன்னார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பெரும்பாலானவற்றை ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் டாக்டர்களும்தாம் ஓட்டியிருக்கிறார்கள் என்பது தரகர்கள் வழியாக மட்டுமே நாம் அறியக்கூடிய ஓர் அரிய சமூகவியல் உண்மை.

பதிவுச் சான்று இருந்தது, இன்ஷூரன்ஸ் இருந்தது, புகைச் சான்று இருந்தது, இரண்டு சாவிகளும் இருந்தன. சர்வீஸ் புத்தகம் மட்டும் இல்லை. "எல்லாம் கம்பெனி சர்வீஸ்தான் சார். புக்கு வீட்டுல எங்கியோ இருக்கு, தேடிக் குடுக்கச் சொல்றேன்" என்றார் தரகர். மூன்று முறை தொலைபேசியில் நினைவூட்டினோம். மூன்றாம் முறை அவர் குரலில் இருந்த வியப்பு உண்மையானது. வண்டிதான் ஓடுகிறதே, புத்தகம் எதற்கு என்ற வியப்பு. அந்த வியப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

புத்தகம் இல்லாத வண்டியை எப்படி வாசிப்பது? ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்ததைப் போலத்தான்: சுவடியிலேயே உள்ள அடையாளங்களைக் கொண்டு.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. எங்கள் வண்டியின் நான்கு டயர்களிலும் 3516 என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டவை. பட்டன் நன்றாகவே இருந்தது. வாங்கும்போது அதைத்தான் தட்டிக் காட்டினார்கள். ஆனால் ரப்பருக்கு வயது பட்டனில் தெரிவதில்லை. எட்டு ஆண்டு வெயில் குடித்த ரப்பர் உள்ளே இறுகிப்போயிருக்கும். பக்கச்சுவரை மடக்கிப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் தெரியும். அது ஒரு செய்தி. இன்னொன்றும் உண்டு. 2012-இல் வந்த வண்டிக்கு 2016-இன் கடைசியிலோ அடுத்த ஆண்டிலோ நான்கு டயரும் மாற்ற வேண்டி வந்திருக்கிறது. மீட்டர் சொல்லும் கணக்குப்படி ஆண்டுக்கு 4,000 கி.மீ. என்றால் அதற்குள் 20,000 கூட ஓடியிருக்காது. அந்தத் தூரத்தில் நான்கு டயரும் தேய்ந்துபோவது வழக்கமில்லை. ஆகவே மீட்டர் சொல்வதை டயர் மறுக்கிறது.

பிரேக் பெடலின் ரப்பர் ஒரு மூலையில் வழவழப்பாகியிருந்தது. ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க விளிம்பு, இறங்கி ஏறும் இடம், அமுங்கியிருந்தது. கண்ணாடியின் மூலையில் தயாரிப்புக் குறி இருக்கும்; மற்றக் கதவுக் கண்ணாடிகளோடு ஒட்டாத குறி ஒன்றில் இருந்தால் அது பிற்பாடு மாற்றப்பட்டது. பழைய இன்ஷூரன்ஸ் தாளையும் சும்மா விட்டுவிடக் கூடாது. அதில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்று ஒரு விழுக்காடு இருக்கும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கு ஏற்ப அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கேட்டுவிட்டால் மீண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும். சலுகை வண்டிக்குரியது அல்ல, உரிமையாளருக்குரியது; ஆகையால் வாங்குகிறவருக்கு அதனால் காசு மிச்சமில்லை. ஆனால் தகவல் உண்டு. ஐந்தாண்டு வைத்திருந்தவரின் தாளில் 20 என்று இருந்தால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது, அல்லது இன்ஷூரன்ஸ் தொடர்ச்சி அறுந்திருக்கிறது என்று கேட்கவாவது தோன்ற வேண்டும்.

எங்கள் பகுதியில் இன்னொரு கேள்வியும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பட்டாபிராம் என்று எங்கள் பக்கத்துத் தெருக்களில் நின்ற தண்ணீரில் எத்தனையோ வண்டிகள் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன. இருக்கை வாரை கடைசி வரை இழுத்துப் பார்ப்பது நல்லது. வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை; சேற்றுக்கோடு அங்கே காத்திருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் கோடு இல்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

*

அடையாளங்கள் இவ்வளவுதான் சொல்லும். எஞ்சின் ஆயில் எப்போது மாற்றப்பட்டது, பிரேக் ஆயிலை ஒருமுறையாவது மாற்றினார்களா, டைமிங் பெல்ட் எத்தனையாவது பெல்ட் என்பவற்றை வண்டி சொல்லாது. இங்கேதான் ஒரு தீர்மானம் தேவைப்படுகிறது.

உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சுவடிகளில் சிதைந்த இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பவில்லை. சிதைந்தது சிதைந்தது என்று தெரியும்படி விட்டார். 267, 268 ஆகிய இரு பாடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. நம்முடைய புலமை மரபில் நாம் பெருமைப்பட வேண்டிய இடங்களில் அந்த வெறுமையும் ஒன்று. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கு நேர்மை வேண்டும்.

பழைய கார் வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறு, வெறுமையை நம்பிக்கையால் நிரப்புவது. "ஆசிரியர் வண்டி, மாற்றியிருப்பார்." "எஞ்சின் சத்தமே இல்லை, பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்." இந்த 'இருப்பார்கள்' என்ற வினைமுற்றில் எத்தனையோ எஞ்சின்கள் செத்திருக்கின்றன. எழுத்தில் இல்லாத பராமரிப்பு நடக்காத பராமரிப்பு என்றே கொள்ள வேண்டும். கொஞ்சம் வீண்செலவாகும் என்பது உண்மை. போன மாதம்தான் மாற்றிய ஆயிலை நாம் மீண்டும் மாற்றக்கூடும். ஆனால் அந்தப் பக்கத்துப் பிழையின் விலை சில ஆயிரங்கள். இந்தப் பக்கத்துப் பிழையின் விலை ஓர் எஞ்சின், சில வேளை ஓர் உயிர்.

இரண்டாவது தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முற்படுவது. பணம் ஒருபுறமிருக்க, பத்துப் பாகங்களை ஒரே நாளில் மாற்றிவிட்டு மறுநாள் ஒரு புதுச் சத்தம் கேட்டால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வரிசை வேண்டும். எங்கள் வரிசை இது: முதலில் வண்டி நிற்க வேண்டும், பிறகு அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளாதிருக்க வேண்டும், வசதியெல்லாம் அதற்கப்புறம்.

நிற்பது என்றால் பிரேக்கும் டயரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட நேரம் பிரேக் பிடிக்கும்போது சூட்டில் ஆவிக்குமிழ் உண்டாகும். பெடல் தரைவரை போகும். அதனால்தான் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் வண்டியில் திறந்து பார்த்தபோது அது தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அதை மாற்றி, முன்சக்கரப் பேடுகளை மாற்றி, ரப்பர் குழாய்களைப் பார்த்து, நான்கு டயர்களையும் மாற்றினோம். இதற்குப் பிறகுதான் குழந்தைகளை ஏற்றினோம்.

இரண்டாம் படி எஞ்சின். ஆயிலும் ஃபில்டரும் உடனே. பிறகு வழக்கமான தூரத்துக்குக் காத்திராமல் ஆயிரம், இரண்டாயிரம் கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை. உள்ளே படிந்த கசடை வீரியமான மருந்து ஊற்றி ஒரே நாளில் கரைப்பதைவிட, புது ஆயில் மெல்ல மெல்லக் கழுவட்டும் என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலரின் கருத்து. கூலன்ட் பெரும்பாலான பழைய வண்டிகளில் பெயரளவுக்குத்தான் இருக்கும்; உண்மையில் இருப்பது போர் தண்ணீர். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் வாளியிலேயே வெள்ளைப் படலம் கட்டுவது. ரேடியேட்டருக்குள் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு கியர் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். இவற்றுக்கெல்லாம் மேலாக டைமிங் பெல்ட்.

எல்லாக் கார்களுக்கும் பெல்ட் கிடையாது, சிலவற்றில் சங்கிலி. எங்கள் சான்ட்ரோவில் பெல்ட். எஞ்சினின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே தாளத்தில் இயங்கச் செய்வது அந்தப் பல்வைத்த ரப்பர் பட்டைதான். எஞ்சினுக்கு எஞ்சின் கணக்கு வேறுபடும்; பொதுவாக 60,000-இலிருந்து ஒரு லட்சம் கி.மீ.க்குள், அல்லது ஐந்தாறு ஆண்டில், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பார்கள். அது அறுவதற்கு முன் சத்தம் போடும் என்று உறுதியில்லை, விளக்கும் எரியாது. பல எஞ்சின்களில் அது அறுந்த கணத்தில் பிஸ்டன் வால்வை மோதும். அதன்பின் பராமரிப்பு என்ற சொல்லுக்கு இடமில்லை.

இந்தப் பெல்ட்டில்தான் நாங்கள் தயங்கினோம். வாட்டர் பம்ப், டென்ஷனர் எல்லாம் சேர்த்து நல்ல செலவு. மீட்டர் 48,000 என்கிறதே, இன்னும் நாள் இருக்கிறதே என்று ஒரு சபலம். எழுத்தில் இல்லாதது நடக்காதது என்று மேலே பெரிதாக எழுதியவர்கள்தாம் நாங்கள். அந்த வாசகம் அப்போது எங்களிடம் இல்லை. அதைக் கற்றுக்கொண்ட இடம் அம்பத்தூர் ஓ.டி.க்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை.

*

அறுபதைக் கடந்த மெக்கானிக். பெயர்ப்பலகை இல்லாத கடை. வேப்பமரத்தடியில் மூன்று வண்டிகள் நிற்கலாம். பானெட்டைத் திறப்பதற்கான கம்பியை இழுத்தவர் ஒரு நொடி நின்றார். குனிந்து பார்த்தார். அந்தக் கம்பியின் முனையில், உடைந்த கொக்கிக்குப் பதிலாக ஒரு சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செருகியிருந்தது.

"சார், இது நம்ம கையில வந்த வண்டி. இந்தக் கொக்கி நான் போட்டது."

எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். "டீச்சரம்மா வண்டி இது. கிளட்சு மேல கால வச்சே ஓட்டுவாங்க, எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டாங்க. கொரோனாவுக்கு முந்தின வருசம் குடுத்துட்டாங்க. வாங்கின பையன் ஏதோ ஆபீஸ் டிரிப்புக்கு ஓட்டினான், ரெண்டு வாட்டி வந்தான்." பிறகு மீட்டரை எட்டிப் பார்த்தார். சிரித்தார். "டீச்சரம்மா குடுக்கும்போதே அறுவதாயிரம் தாண்டிருச்சு சார். பெல்ட்டு மாத்திடலாம்மானு சொன்னேன். அடுத்த வாட்டி பாத்துக்கலாம்னாங்க."

அடுத்த முறை வரவே இல்லை. பெல்ட்டைக் கழற்றியபோது அதன் பல்வரிசையின் அடியில் இழை பிரிந்திருந்தது. விரலால் மடக்கியதும் வெடிப்புகள் வாய் திறந்தன. எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்று கேட்டோம். "மாசக் கணக்கெல்லாம் கிடையாது சார். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது போயிருக்கலாம், பைபாஸ்ல போயிருக்கலாம்" என்றார்.

இதில் இரண்டு விஷயங்கள் எங்களை விட்டு அகலவில்லை. ஒன்று, தரகர் முழுப்பொய் சொல்லவில்லை. ஆசிரியர் இருந்தார். கதையின் முதற்பகுதி மட்டும் சொல்லப்பட்டது. இரண்டாம் பகுதி மீட்டரோடு சேர்த்துத் திருப்பப்பட்டது. இரண்டு, வண்டிக்கு ஆவணம் இல்லை என்று நாங்கள் நினைத்தது தவறு. ஆவணம் இருந்தது. ஒரு மனிதரின் நினைவில், அவர் வளைத்த ஒரு ஸ்போக்கில் இருந்தது. நாங்கள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போயிருந்தால் அது எங்களுக்குக் கிடைத்திருக்காது. அவர் அடுத்த ஆண்டு கடையை மூடிவிட்டு ஊருக்குப் போவதாக இருக்கிறார். அவரோடு எத்தனை வண்டிகளின் வரலாறு போகும் என்று எண்ணிப் பார்த்தோம்.

*

அம்பத்தூரில் வைத்து இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. அந்தக் கொட்டகையிலிருந்து சில கி.மீ. தொலைவில் பாடி. 1960-களின் தொடக்கத்தில் இந்தியக் கார்களுக்கும் லாரிகளுக்கும் வேண்டிய பிரேக், சக்கரம், மின்கருவி முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் அங்கே வரிசையாக எழுந்தன: வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன். தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலாக 1998-இல் வென்றது சுந்தரம்-கிளேட்டன்தான். அந்தப் பரிசின் அடிப்படையே எழுத்து: அளந்ததை எழுது, எழுதியதை ஒப்பிடு, ஒப்பிட்டதிலிருந்து திருத்து. அதே 1998-இல் பூந்தமல்லிக்கு அப்பால், பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ உற்பத்தியாகத் தொடங்கியது. ஒரு பிரேக் பாகம் எந்தத் தொகுதியில் வார்க்கப்பட்டது என்பதைக் குறியிட்டு அனுப்பும் ஊர் இது. அந்தப் பாகம் வண்டியில் ஏறி, வண்டி வாசலைத் தாண்டி, இலவச சர்வீஸ் காலம் முடிந்து, தெருவோரக் கொட்டகைக்கு வந்தவுடன் எழுத்து நின்றுவிடுகிறது. அதன்பின் வாய்மொழி மட்டுமே.

ஆவடி ரயில் நிலையத்தில் நின்றால் எவரும் காணலாம். ரயில் பெட்டிகளின் முனைச்சுவரில் கடைசியாகப் பெரும் பராமரிப்பு நடந்த இடமும் தேதியும், அடுத்துப் பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதியும் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். ரகசியமில்லை; பயணிகள் நிற்கும் இடத்திலேயே கண்ணுக்குப் படும்படி. அரசு ஜீப்புகளுக்கு லாக் புத்தகம் உண்டு. பொதுச்சொத்தாக இருக்கும்வரை எழுதுகிறோம். தனிச்சொத்தானதும் எழுதுவதை நிறுத்திவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால் கார் என்பது பெயருக்குத்தான் தனிச்சொத்து. ஐந்து பேர் கைமாறி, அத்தனை பேரும் பயணம் செய்யும் சாலையில் ஓடுகிற பொருள் அது. எங்கள் பிரேக்கின் கதை எதிரே சைக்கிளில் வருகிறவருக்கும் வேண்டிய கதை.

இது நம் மரபில் இல்லாத பழக்கம் என்று சொல்வதற்கும் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர்கள் பட்டியலில் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள், அவர்களோடு அவர்கள் உறவினர்களும். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரி என்பது ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டிய பொருள். பராமரிப்பைக் கணக்கோடு பிணைத்து, கணக்கைத் தகுதியோடு பிணைத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய சமூகத்தின் பிற குறைகளை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் செய்த வேலையை அடுத்தவர் அறிய விட்டுச்செல்ல வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருந்தது.

*

எங்கள் கருத்துக்கு வரும் மறுப்புகளை அறிவோம். முதலாவது, தெருவோர மெக்கானிக்கிடம் எழுத்துவேலையைச் சுமத்துவது நகரத்துப் படித்தவர்களின் ஆசை என்பது. இதில் உண்மை உண்டு. நாளைக்கே ஒவ்வொரு கொட்டகையும் பதிவேடு வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தால் முதலில் மூடப்படுவது எங்களைக் காப்பாற்றிய அந்தக் கொட்டகைதான். அப்படிப்பட்ட சட்டத்தை நாங்கள் கேட்கவில்லை. எழுத வேண்டியவர் வண்டியின் உரிமையாளர். மெக்கானிக் சொல்லட்டும், நாம் எழுதுவோம்.

இரண்டாவது, புத்தகம் இருந்தாலும் அது பொய்யாக இருக்கலாமே என்பது. இருக்கலாம். முத்திரைகளை வாங்கிக் குத்திக்கொள்வது கடினமில்லை. ஆனால் பொய் எழுத்தைப் பிற எழுத்தோடு ஒப்பிட்டுப் பிடிக்க முடியும், டயர் மீட்டரைப் பிடித்ததுபோல. எழுத்தே இல்லாத இடத்தில் ஒப்பிட எதுவுமில்லை.

அரசின் பங்கு ஒன்று உண்டு. பழைய வண்டி விற்கும் டீலர்களுக்கான மத்திய அரசின் விதிகள் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. வண்டி டீலர் கையில் இருக்கும்போது யார் பொறுப்பு, எங்கே ஓட்டினார்கள் என்பதற்கெல்லாம் அதில் பதிவேடு கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது வண்டி யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றிய அக்கறை; வண்டி எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது அல்ல. பிரிட்டனில் மூன்றாண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை. வண்டி எண்ணைக் கொடுத்தால் பழைய சோதனை முடிவுகளையும், அப்போதெல்லாம் மீட்டர் காட்டிய தூரத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஜப்பானில் பராமரிப்புப் பதிவேட்டை வண்டிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே சொந்தக் காருக்குப் பதினைந்தாண்டுப் பதிவு முடியும்போதுதான் தகுதிச் சோதனை. அதுவரை வண்டி பேசாமடந்தை.

ஆண்டுதோறும் சோதனை வேண்டும் என்று கேட்டால் அது இன்னொரு வரிசைக்கும் இன்னொரு தரகருக்கும் வழிவகுக்கும் என்ற அச்சம் நமக்கு இருக்கிறது. அவ்வளவு வேண்டாம். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் புகைச் சான்று வாங்கும்போதும் மீட்டர் காட்டும் தூரம் கட்டாயமாகப் பதிவாகி, அடுத்து வாங்குகிறவர் கண்ணில் படும்படி இருந்தால் போதும். ஒரே ஓர் எண். அது இருந்திருந்தால் எங்கள் மீட்டரை யாரும் திருப்பியிருக்க முடியாது. திருப்பியிருந்தாலும் நாங்கள் பெல்ட்டைப் பற்றித் தயங்கியிருக்க மாட்டோம்.

ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய காரியம் அல்ல இது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மீட்டர் எண், செய்த வேலை, போட்ட பாகம், செய்தவர், கொடுத்த பணம். பில் இருந்தால் பின்னால் ஒட்டிவிடலாம். பாகம் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து பெயரும் எண்ணும் உள்ள துண்டைக் கத்தரித்து ஒட்டினால் இன்னும் நல்லது. தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், "2012 முதல் 2024 வரை: எழுத்து இல்லை. மீட்டர் நம்பத்தக்கது அன்று, உண்மைத் தூரம் ஒரு லட்சத்தை நெருங்கலாம் என்பது ஊகம்" என்று எழுதியிருக்கிறோம். வண்டியை விற்கும் நாளில் அந்த வரி விலையைக் குறைக்கும். குறைக்கட்டும். அடுத்து வாங்குகிறவர் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள்.

பெல்ட் மாற்றிய அன்று நோட்டைக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் நீட்டி, செய்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னோம். "நம்ம கையெழுத்து எதுக்கு சார்?" என்றார். இந்த வண்டிக்கு நீங்கள்தாம் அண்ணே புத்தகம், இனிமேல் நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்களே என்றோம். கையைப் பழந்துணியில் துடைத்தார். துடைத்தும் கறை போகவில்லை. தம் பெயரை மெதுவாக, முழுவதுமாக எழுதினார். எழுத்துக்குப் பக்கத்தில் ஆயில் படிந்த கட்டைவிரல் ரேகை ஒன்றும் விழுந்துவிட்டது. வேறு நோட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள் என்று வருத்தப்பட்டார். நாங்கள் மாற்றவில்லை.

நோட்டு இப்போது காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. இதுவரை ஏழு பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. விற்கும்போது "புக்கு வீட்டுல எங்கியோ இருக்கு" என்று நாங்கள் சொல்லாதிருக்க வேண்டும். அந்த அளவுக்கு எங்களை நாங்களே முழுமையாக நம்பவில்லை. அதனால்தான் அதை வீட்டுக்குள் எடுத்துவருவதில்லை.